மீடியம் அக்காவின் இடது பக்கம்

எங்கள் கம்பெனியில் அவளுக்கு வேலை நிற்பது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. சாம்பிள் ரூமில் ஜன்னலை ஒட்டி ஒரு மரப் பெட்டி கிடக்கும். அதன்மேல் ஏறி, கைகளைத் தளர விட்டுக்கொண்டு, வயிற்றை எக்காமலும் தொங்க விடாமலும் சும்மா நிற்க வேண்டும். நாங்கள் தைத்த புது மாதிரிச் சட்டையை அவளுக்குப் போட்டுவிடுவோம். துணி வெட்டக் காகித மாதிரி போடுகிற பேட்டர்ன் மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சுற்றி வந்து, இங்கே கொஞ்சம் இழுத்து அங்கே கொஞ்சம் மடித்துப் பார்ப்பார். பிறகு, "எங்க பிடிக்குது?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வது அவள் வேலையின் மறுபாதி.

இதற்கென்று படித்து வந்தவள் இல்லை அவள். பட்டன் கட்டும் பிரிவில் மூலையில் உட்கார்ந்திருந்தவள். ஒரு நாள் பெரிய கடைக்காரர் ஒருவர் வந்து, சட்டையை யாராவது போட்டுக் காட்டினால்தான் ஆர்டர் என்று பிடிவாதமாக நின்றார். கண்ணில் பட்டவளைக் கையோடு இழுத்து வந்தார்கள். எங்கள் முதலாளி, விற்காமல் திரும்பி வந்த சரக்கையெல்லாம் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, நம் ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு மீடியம் அளவைத் தானே தேற்றி வைத்திருந்தார். அந்த அளவு அப்படியே அவள் உடம்பில் இருந்தது. தோள், மார்பு, இடுப்பு, முதுகு நீளம், எதிலும் நூல் பிசகவில்லை. மாஸ்டர் நம்பாமல் மறுபடியும் டேப் போட்டுப் பார்த்தாராம். அன்றோடு பட்டன் வேலை போயிற்று, பெயரும் போயிற்று. வாசல் காவல்காரர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவள் மீடியம். எனக்கு மட்டும் மீடியம் அக்கா.

டேப் போட்ட மாஸ்டரே பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டார். நாங்கள் சும்மா விடுவோமா? ஒரு சுற்றளவு பாக்கியில்லாமல் அளந்து பார்த்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஒரே மாப்பிள்ளை இவர்தான் என்று ஓட்டித் தள்ளினோம். அவர் காது சிவந்து போகும். அக்கா அதைவிட மோசம். கம்பெனிக்குள் அவரை எங்களைப் போலவே "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவாள். வீட்டிலும் கோபம் வந்தால் அதே மாஸ்டர்தானாம்.

அவள் உடம்பு அவளுடையதாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் நாங்கள் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளும்போது அவள் டப்பாவை மூடிவிடுவாள். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இனிப்பை வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் தள்ளிவிடுவாள். மகளைப் பெற்ற பிறகு, பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, எப்போது பழைய அளவுக்கு வருவாள் என்று கம்பெனியிலிருந்து ஆள்மேல் ஆள் விட்டார்கள். வந்தாள். பெட்டிமேல் ஏறினாள். அளவு சரியாக இருந்தது என்று முதலாளி கை தட்டினார். பிள்ளை பிறந்ததற்கு அவர் கை தட்டிய ஞாபகம் எனக்கு இல்லை.

மாஸ்டர் நல்லவர்தான். மனைவி என்றால் உயிர். ஆனால் அந்தப் பெட்டிமேல் அவள் ஏறிவிட்டால் அவருக்கு அவள் மனைவி இல்லை, அளவு. புதிதாகச் சேர்ந்த கட்டிங் ஆள் ஒருவன், சட்டை சரியாகத்தான் இருக்கிறது, அக்கா இன்றைக்குக் கொஞ்சம் ஊதியிருக்கிறார் என்று வாயை விட்டபோது, மாஸ்டர் அவனைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

"உடம்பு ஸ்கேல்டா. ஸ்கேலையே சந்தேகப்பட்டா அப்புறம் எதை வச்சு அளப்ப? தப்பு எப்பவும் துணியிலதான் இருக்கும்."

எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் நினைத்தோம். சட்டை பிடித்தால் பேட்டர்னைத் திருத்து. திருத்திவிட்டு மறுபடி போட்டுப் பார். எங்கேயும் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லும்வரை விடாதே.

நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நின்றவள், இடது கை இடுக்கில் பிடிக்கிறது என்றாள். மாஸ்டர் கை ஏறும் வளைவை, நாங்கள் ஆம்ஹோல் என்போம், கொஞ்சம் இறக்கி வெட்டினார். சரியாகிவிட்டது. எந்தப் பேட்டர்னும் பாதி உடம்புக்குத்தான் போடப்படும். துணியை இரண்டாக மடித்து, அந்தப் பாதியை மேலே வைத்து வெட்டினால் முழுச் சட்டை வந்துவிடும். ஆகவே இடது பக்கம் இறக்கினால் வலது பக்கமும் தானாக இறங்கிவிடும். அடுத்த சட்டையிலும் இடது இடுக்கு. அதிலும் இறக்கினார். அதற்கடுத்த கவுனிலும் அதே கதை. ஜன்னல் வெளிச்சம் அவளுடைய இடது பக்கம்தான் விழும் என்பதால் அவர் எப்போதும் அந்தப் பக்கம் நின்றுதான் ஊசி குத்துவார். வலது பக்கம் கொஞ்சம் தொளதொளத்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. தளர்வு யாரையும் குத்தாதே.

கை இடுக்கில் ஏதோ தடிப்பாக இருக்கிறது என்று ஒரு தரம் என்னிடம் சொன்னாள். குண்டூசி குத்திய இடம் வீங்கியிருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிவிட்டாள். இந்த வேலையில் ஊசி குத்தாத இடம் ஏது? மஞ்சள் மருந்து தடவிக்கொண்டு மறுபடி பெட்டிமேல் ஏறிவிட்டாள்.

கொடுமையைக் கேளுங்கள். அந்த சீசன் சட்டைகள் நன்றாக விற்றன. கையைத் தூக்க வசதியாக இருக்கிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இழுக்கவில்லை என்று கடைகளிலிருந்து பாராட்டு வந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டரின் கை ராசி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் திட்டம் வந்தது. வெளிநாட்டு அளவுத் தாளை வைத்துத் தைக்கிற சட்டை நம் பெண்களுக்குத் தோளில் வழிகிறது, கை விரல் வரை தொங்குகிறது, வாங்கியவர்கள் பாதிப் பேர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கென்று சொந்த அளவு வேண்டும் என்று ஜவுளித் துறை முடிவு பண்ணியது. ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களை அளந்தார்கள். நடுவான அளவு எது என்று கணக்குப் போட்டார்கள். அந்த அளவுக்கு, சட்டையைப் போட்டுப் பார்க்கிற பொம்மைகள் செய்து, சொந்தமாக ஒரு பொம்மை வாங்க வக்கில்லாத சின்னச் சின்னத் தையல் கூடங்களுக்கெல்லாம் மானியத்தில் கொடுப்பதாகத் திட்டம். அரசாங்கம் என்றாலே மூக்கைச் சுளிக்கிற ஆள் நான். ஆனால் இது நல்ல திட்டம், அதை மறைக்க மாட்டேன்.

எண்கள் கிடைத்துவிட்டன, உருவம் வேண்டுமே? கணக்கில் வந்த நடு அளவோடு ஒத்துப்போகிற உயிருள்ள உடம்பு ஒன்றை அளந்து, அதைப் பார்த்துத்தான் பொம்மையை வார்க்க வேண்டும். எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் பெட்டிமேல் நிற்கிறவர்களை வரச் சொன்னார்கள். கடைசியில் எங்கள் மீடியம் அக்காதான் தேறினாள்.

அளவு மையத்துக்கு நானும் கூடப் போனேன். வெள்ளைச் சுவர், ஏ.சி. குளிர், நடுவில் துணி மாற்றும் அறை மாதிரி ஒரு கூண்டு. அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு சின்ன வயசு என்ஜினியர் பெண். பணிவான பெண், அக்காவை அக்கா என்றே கூப்பிட்டாள். கூண்டுக்குள் அக்கா கைகளை விரித்து நிற்க, சிவப்பு வெளிச்சம் மேலிருந்து கீழே அவளைத் தடவிக்கொண்டு போயிற்று. திரையில் சாம்பல் நிறத்தில் அவள் உருவம் எழுந்து மெதுவாகச் சுற்றியது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பின்னலும் முகமும் இல்லாமல் இருந்தாலும் அது அவள்தான். எனக்கே தெரிந்தது.

வரும் வழியில் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஊரெல்லாம் தன் உடம்பு நிற்கப்போகிறது என்பதற்காக இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. சந்தோஷம் வேறு.

"அந்தப் பொம்மை மட்டும் வரட்டும்டி. பெட்டியில ஏறுறது அன்னிக்கோட சரி. அப்புறம் பாரு, நான் தின்னுற தீனியில நீங்க யாருமே என்னை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது."

திட்டத்தில் பயிற்சியும் இருந்தது. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடக் கற்றுக் கொடுத்து உதவித்தொகையும் தருவார்கள். என்ஜினியர் பெண் அக்காவின் பேரையும் எழுதி வைத்திருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்து, குண்டாகி, மகளுக்குப் பின்னல் போட்டு அனுப்பிவிட்டு ஆற அமர வேலைக்கு வருகிற ஒரு வாழ்க்கை. அவள் கேட்டது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பொம்மை வந்த நாள் கம்பெனி அமர்க்களப்பட்டது. முதல் பொம்மை எங்களுக்கு என்று என்ஜினியர் பெண்ணே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாவு நிறத் துணி போர்த்திய உடம்பு, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, கைகள் இல்லை. அதை மரப் பெட்டிமேல், அக்கா நிற்கிற இடத்திலேயே வைத்தார்கள். அக்கா எதிரே போய் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி இருக்கேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

முதலாளி, அந்த சீசனில் சக்கைப்போடு போட்ட சட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதற்குப் போட்டுவிடச் சொன்னார். போட்டோ எடுக்க ஆள் தயாராக நின்றார். சட்டை ஏறியது. கை இடுக்கில் இரண்டு பக்கமும் பை மாதிரித் தொங்கியது.

மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அந்த மெஷின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு இளக்காரம். அவளுக்கென்றே தைத்த சட்டை அவளைப் பார்த்துச் செய்த பொம்மைக்கு உட்காரவில்லை என்றால் பொம்மைதான் தப்பு, அரசாங்கப் பணம் தண்டம் என்று சத்தமாகவே சொன்னார். என்ஜினியர் பெண் திருதிருவென்று விழித்தாள். பலமுறை சரிபார்த்த அளவு என்றாள். வலது பக்கத்தைத்தான் அளப்போம், இடது பக்கத்துக்கு மெஷின் அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளும், எல்லா நாட்டிலும் அதுதான் முறை என்றாள். நாங்களும் அப்படித்தானே, பாதியைப் போட்டு மடிக்கிறோம் என்று மாஸ்டர் விட்டுக்கொடுக்காமல் பேசினார். பேசிவிட்டு, நிரூபிக்கிறேன் பார் என்று அதே சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துப் போட்டு வரச் சொன்னார்.

பெட்டியில் பொம்மை நின்றதால் அக்கா அதைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் நின்றாள். அப்படி நின்றபோது ஜன்னல் வெளிச்சம் அவளுடைய வலது பக்கம் விழுந்தது. வலது இடுக்கில் சட்டை, பொம்மைக்குத் தொங்கிய மாதிரியே தொங்கியது. இடது பக்கம் கச்சிதமாக இருந்தது.

மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வலது தோளைச் சுற்றிக் கை இடுக்கு வழியாக அளந்தார். பிறகு இடது பக்கம். பிறகு மறுபடி வலது. பொம்மை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எங்க பிடிக்குது?" என்றார்.

"அதான் எப்பவும் சொல்றேனே மாஸ்டர். இடது பக்கம்."

"எப்பத்திலேர்ந்து?"

அவள் யோசித்தாள். நாங்கள் நாளையும் மாசத்தையும் சட்டையை வைத்துத்தான் சொல்வோம்.

"அந்த நீலக் கோடு போட்ட சட்டையிலேர்ந்து."

அது அதற்கு முந்தின வருஷத்துச் சட்டை. போட்டோக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல், எடுக்கலாமா சார் என்று முதலாளியைக் கேட்டார்.

மறுநாளே மாஸ்டர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மார்பில் தொடங்கிய புற்று இடுக்குக்கு வந்து, அங்கிருந்தும் தாண்டிப் போயிருந்தது. இவ்வளவு நாளாக வலிக்கவில்லையா, யாரிடமும் சொல்லவில்லையா என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். சொல்லவில்லையா? சொல்வதுதானே அவள் உத்தியோகம். எங்கே பிடிக்கிறது என்று சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். அவள் ஒவ்வொரு சட்டையிலும் சொன்னாள். நாங்கள் அத்தனை பேரும் துணியைப் பார்த்தோம். எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது, மெஷின்மேல் வந்தது, முதலாளிமேல் வந்தது. யார்மேல் வந்து என்ன.

அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகு இடது கை வீங்கத் தொடங்கியது. இடுக்கிலிருந்து நீர் இறங்க வழியில்லாமல் கை முழுவதும் கனத்துப் போயிற்று. கொடுத்த மருந்தில் முகம் உப்பிப் பூரித்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம், "ஆசைப்பட்ட மாதிரியே குண்டாயிட்டேன் பாத்தியா" என்றாள். நான் சிரித்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

திட்டத்தின் தொடக்க விழா அப்போது நடந்தது. மந்திரி வந்தார். மேடையில் பொம்மைகள் வரிசையாக நின்றன. நம் நாட்டுப் பெண்ணின் உடம்பை முதன்முதலாக நாமே அளந்திருக்கிறோம் என்று பேசினார்கள். கை தட்டல் விண்ணைப் பிளந்தது. அந்த உடம்புக்காரி எங்கே படுத்திருக்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் என்ஜினியர் பெண்ணுக்கும்தான் தெரியும். விழா முடிந்ததும் கேக் துண்டு வைத்த டப்பா ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதை அப்படியே அக்காவிடம் கொண்டுபோனேன். இனி தடுக்க யாரும் இல்லை, சாப்பிடு என்றேன். ஆசையாகத்தான் வாயில் வைத்தாள். மரத்தூள் மாதிரி இருக்கிறதே என்றாள். மருந்து நாக்கைச் சாகடித்திருந்தது. மிச்சத்தை வழக்கம் போல என்னிடம் தள்ளினாள்.

எந்தச் சட்டையும் அவளுக்கு ஏறவில்லை. இடது கை நுழையாது, வலது பக்கம் தொளதொளக்கும், தழும்பில் தையல் உரசும். ஊரெல்லாம் யாருடைய அளவுக்குச் சட்டை தைத்தார்களோ அவளுக்குப் போட ஒரு சட்டை இல்லை. மாஸ்டர் ஒரு நாள் டேப்போடு போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து அளந்தார். இடது தனியாக, வலது தனியாக. கம்பெனிக்கு வந்து மேஜைமேல் பழைய மெல்லிய பருத்தித் துணியை விரித்தார். பழக்கத்தில் கை மடிக்கப் போயிற்று. மடித்ததைப் பிரித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் துணியை மடிக்காமல் வெட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வளைவு, வேறு வேறு கை. அந்தக் கைகளை நான் பொருத்தித் தைத்தேன். தையல் உள்ளே உரசாமல் இருக்க எல்லாவற்றையும் வெளிப்பக்கம் மடித்து அடித்தோம்.

அவளை எழுப்பி உட்கார வைத்துப் போட்டுவிட்டோம். மாஸ்டர் சுற்றி வர முடியாமல் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எங்க பிடிக்குது?"

அவள் கையை லேசாக அசைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னாள், வேலையில் அவள் அவசரப்பட்டதே கிடையாது.

"எங்கயும் பிடிக்கல மாஸ்டர். சரியா இருக்கு. இத பேட்டர்ன் போட்டு வச்சுக்கோங்க."

அந்தச் சட்டையோடுதான் அவளைக் கடைசியாக வழியனுப்பினோம்.

இப்போது அந்தப் பொம்மை எங்கும் இருக்கிறது. இரண்டே மெஷின் வைத்திருக்கிற கூடத்திலும் மூலையில் நிற்கிறது. சட்டைகள் திரும்பி வருவது குறைந்துவிட்டது. பிழைக்க வழியில்லாமல் இருந்த எத்தனையோ சின்னக் கூடங்கள் நிமிர்ந்துவிட்டன. மையத்தில் அந்த என்ஜினியர் பெண், யாரும் சொல்லாமலே, வருகிறவர்களை இரண்டு பக்கமும் அளக்கிறாளாம். அக்காவின் மகள் கம்பெனிப் பக்கமே வருவதில்லை. அவள் வர வேண்டாம்.

மாஸ்டர் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். பேச்சு குறைந்துவிட்டது, மற்றபடி கை அதே கை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்து போன பிறகு, டப்பாவை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். பீரோவிலிருந்து அந்தப் பழைய சட்டையை, கடைகள் தலையில் தூக்கி வைத்து ஆடிய அந்தச் சட்டையை எடுத்துப் பொம்மைக்குப் போட்டுவிட்டிருந்தார். இடது இடுக்கு பையாகத் தொங்கியது. தரையிலிருந்து வெட்டுத் துணியைப் பொறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, அந்த இடுக்கில் செருகிக்கொண்டிருந்தார். செருகுவார், தள்ளி நின்று பார்ப்பார், இன்னும் கொஞ்சம் வைப்பார். ஒரு கட்டத்தில் சுருக்கம் எல்லாம் போய்ச் சட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அவள் போட்டிருந்த மாதிரியே உட்கார்ந்தது.

பிறகு அந்தத் துணி உருண்டையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பாரும்மா" என்றார். "நான்தான் இதுக்கு இவ்வளவு இடம் விட்டுக் குடுத்திருக்கேன்."

கையை மூடினார். மூடிய கைக்குள் அது அடங்கவில்லை.